நான்காவது கணக்கு

"நாலாவது கணக்கு மட்டும் வரமாட்டேங்குதும்மா" என்று நிரஞ்சனா கூடத்திலிருந்து சொன்னாள். ரேணுகா அப்போது உள்ளறையில் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எதை எடுக்க வந்தோம் என்பது மறந்துவிட்டது, மறந்து எவ்வளவு நேரமாகிறது என்பதும் தெரியவில்லை. மகளின் குரல் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று புரிவதற்கே கொஞ்சம் நேரம் பிடித்தது, ஏனென்றால் கணக்கு வரவில்லை என்று அந்த வீட்டில் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. தமிழுக்கும் சயின்ஸ் படம் வரைவதற்கும் அவள், கணக்குக்கு அவர். யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்ட வேலை இல்லை அது, நிரு மூன்றாவது படிக்கும்போதே தானாக அப்படி அமைந்துவிட்டது. ஜெகதீசன் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு, பனியனோடு கூடத்துத் தரையில் காலை நீட்டினால் போதும், நிரு நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவாள். அதற்கப்புறம் சமையலறையில் இருக்கும் ரேணுகாவுக்குக் கேட்பது இரண்டு பேரின் சிரிப்பு மட்டும்தான். கணக்கில் சிரிக்க அப்படி என்ன இருக்கிறது என்று அவள் நினைத்ததுண்டு, போய்க் கேட்டதில்லை. இப்போது அவர் இல்லை. கம்பெனியில், பல்சக்கரங்களை அளந்து பார்க்கும் மேஜைக்கு முன்னால், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒரு புதன்கிழமை காலையில் போய்விட்டார். குனிந்து டிராயிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் பக்கத்து மேஜைக்காரர்கள் நினைத்தார்களாம். காரியமும் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாம் அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள், அவருடைய அக்கா பத்மா மட்டும் சேலத்துக்குத் திரும்பாமல் கூட இருக்கிறாள். நாளைக்கு நிரு மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறாள். ஒர்க்‌ஷீட்டை முடிக்கவில்லை என்றால் யாரும் அவளை ஒன்றும் சொல்லப்போவதில்லை, "பரவால்லம்மா, விடு" என்று மிஸ்ஸே சொல்லிவிடுவார். ஆனால் நிருவுக்கு அப்படி விட வராது. அந்தக் குணம் அப்பாவுடையது.

ரேணுகா அலமாரியைச் சாத்திவிட்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்து வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தாளின்மேல் போட்டிருந்தது. தாளின் தலைப்பில் 'டைலேஷன்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். அவள் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் பேச்சு, இவங்களுக்கு டைலேஷன் போட்டாச்சா ரேணுகா, அந்தத் தாத்தாவுக்கு இன்னொரு டிராப்ஸ் போடு ரேணுகா. அவள் ஒவ்வொருவரின் கீழ் இமையையும் இழுத்து ஒரு சொட்டு விடுவாள், கொஞ்சம் எரியும், கண்ண மூடிக்குங்க, திறக்காதீங்க என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போவாள். வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணின் கறுப்பு அகலமாக விரிந்து கிடக்கும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாது. கைக்கடிகாரம் தெரியாது, பஸ் டிக்கெட்டில் இருக்கும் எழுத்து தெரியாது. தூரத்தில் வரும் பஸ் தெரியும். தனக்கும் யாரோ அப்படி இரண்டு சொட்டு விட்டுவிட்டார்கள் என்று அவளுக்கு இந்த நாட்களில் அடிக்கடித் தோன்றியது. தட்டில் இருக்கும் சோறு சோறாகத் தெரிவதில்லை, பேசுகிறவர்களின் முகம் முகமாகத் தெரிவதில்லை. எப்போதோ பத்தாவது படிக்கும்போது ஸ்கூல் கிரவுண்டில் அறுந்துபோன செருப்பு, அதன் பட்டை, அந்தப் பட்டையின் நிறம், அதெல்லாம் துல்லியமாகத் தெரிகிறது.

"இது என்னன்னு சொல்லு, நான் பாக்கறேன்" என்றாள். நிரு அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள், உனக்கா என்பது போல. பிறகு சொன்னாள்: "ஒரு உருவத்தப் பெரிசாக்கறதும்மா. இல்லன்னா சின்னதாக்கறது. ஷேப் மாறாது. எத்தன மடங்கு பெரிசாச்சுன்னு கண்டுபிடிக்கணும், அதான் ஸ்கேல் ஃபேக்டர். முதல் மூணு கணக்கும் ஈஸி. இங்க பாரு, (2, 1) இருந்த புள்ளி (6, 3) ஆயிருக்கு. ஆற ரெண்டால வகுத்தா மூணு. மூண ஒண்ணால வகுத்தாலும் மூணு. அப்ப மூணு மடங்கு, முடிஞ்சிது. இந்த நாலாவதுல (3, 2) வந்து (5, 3) ஆயிருக்கு. அஞ்ச மூணால வகுத்தா ஒண்ணு புள்ளி ஆறு ஆறு ஆறுன்னு போய்க்கிட்டே இருக்கு. மூண ரெண்டால வகுத்தா ஒண்ணர. ஒரே புள்ளிக்கே ரெண்டு ஆன்சர் வருது." ஆறு ஆறு ஆறு என்று நிரு சொன்னது ரேணுகாவின் காதில் நின்றுவிட்டது. அவள் தாளைப் பார்த்தாள். கட்டம் போட்ட தாளில் ஒரு சின்ன முக்கோணமும் ஒரு பெரிய முக்கோணமும் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. அவ்வளவுதான் தெரிந்தது. அவருக்கு என்றால் வேறு என்னவோ தெரிந்திருக்கும். அவர் எதையும் அளந்துவிடுகிற ஆள். பூரிக்கட்டை, ஜன்னல் கதவு, புதிதாக வாங்கிய குக்கரின் மூடி, எல்லாவற்றையும் விரலால் தடவி இதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கு என்பார், அது சரியாகவும் இருக்கும். அவளைப் பற்றி அப்படி எதுவும் சொன்னதில்லை. சொல்லவேண்டும் என்று அவளும் எதிர்பார்த்ததில்லை, ஆரம்பத்தில் எதிர்பார்த்திருக்கலாம், அது எப்போது நின்றது என்று யோசித்தால் ஒரு இடத்தில் விரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் அதிலிருந்து எண்ண ஆரம்பிக்கலாம். அவர் குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரி முடிந்து டவுன் பஸ்ஸில் ஏறினாள், நல்ல கூட்டம், ஓரத்து சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸைத் தவற விட்டிருப்பார் போல. அவள் உள்ளே நகர்வதற்காக அவர் முழங்காலை ஒதுக்கி வழி விட்டார், நிமிர்ந்து அவள் முகத்தையும் பார்த்தார், பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெரியாத பொம்பளைக்கு வழி விடுவது போல. அவள் இரண்டு சீட் தள்ளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், கொஞ்சம் முன்னால் வந்து கையை நீட்டினால் தோள் எட்டும். சொல்லவில்லை. ஒரே ஸ்டாப்பில் இறங்கினார்கள். அவர் வாழைப்பழக் கடையில் நின்றுவிட்டார், அவள் முன்னால் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே வந்து சீப்பை அவள் கையில் கொடுத்து, "இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை. பழத்தை எடுத்து வைத்தாள். இந்த ஆளோடு இனி இருக்க முடியாது என்று அப்போதுதான், பழத்தைக் கூடையில் வைக்கும்போதுதான், மிக அமைதியாகத் தெரிந்தது.

"அம்மா, பாக்கறியா இல்லியா?" "பாக்கறேன் பாக்கறேன்." அதற்குள் பத்மா டீயோடு வந்துவிட்டாள். பத்மாவுக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எதையாவது துலக்கிக்கொண்டும் மடித்துக்கொண்டும்தான் இருக்கிறாள், அழுகை வந்தால் கூட கையில் இருக்கும் வேலையை நிறுத்தாமலே அழுகிறாள். "குடி ரேணு, ஆறிடப்போவுது" என்றாள், பிறகு நிருவின் தலையைத் தடவிக்கொண்டே, "எங்க வூட்டுக்காரரு ஃபோன் பண்ணாரு ரேணு. சேலத்துல ஸ்கூல்ல பேசிட்டாராம். பத்தாவதுக்கு சீட்டு இருக்குதாம். இங்க எக்ஸாம் முடிஞ்ச கையோட பாப்பாவக் கூட்டிட்டுப் போயிடறேன், நீ வேலைக்குப் போயிட்டு வர வரைக்கும் பொம்பளப்புள்ள தனியா இருக்கறது சரிப்படாது. காலைல நீயும் சரின்னியே" என்றாள். ரேணுகா தலையை ஆட்டினாள். காலையில் சரி என்று சொன்னது உண்மைதான். இந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் அவள் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், அது எளிதாக இருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் அவர் படத்தின் ஃப்ரேமுக்குத் தங்கக் கலர் போடவா என்றபோதும் சரி, ஸ்டுடியோவில் படத்தைப் பெரிசு பண்ணும்போது, "கோட்டு போட்டுடலாமா மேடம்?" என்றபோதும் சரி. வீட்டில் அவர் தனியாக நின்று எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்றுகூட இல்லை, அதனால் கம்பெனி ஐடி கார்டில் இருந்த ஸ்டாம்ப் அளவு முகத்தைத்தான் பெரிதாக்க வேண்டியிருந்தது. "ரொம்பப் பெரிசாக்கினா கொஞ்சம் உடையும், பரவால்லயா?" என்று கம்ப்யூட்டரில் இருந்தவர் கேட்டார். பரவாயில்லை. இப்போது அது டிவிக்கு மேலே சந்தன மாலையோடு தொங்குகிறது, வாழ்நாளில் போட்டிராத ஒரு கறுப்புக் கோட்டோடு. கிட்டே போய்ப் பார்த்தால் கண் இருக்கும் இடத்தில் கண் இல்லை, சாம்பலும் பழுப்புமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள்தான். ஷேப் மாறாது என்று நிரு சொன்னாள். மாறவில்லைதான். அதே மூக்கு, அதே காது. இருந்தும் அவர் இவ்வளவு பெரிய முகமாக அவள் முன்னால் ஒரு நாளும் வந்து நின்றதில்லை. "எந்தம்பி உன்ன எப்படி வெச்சிருந்தான்" என்று பத்மா படத்தைப் பார்த்துச் சொன்னாள், சொல்லும்போதே குரல் உடைந்தது, கை காலி டம்ளரைத் தேடியது. "ஒரு சண்ட உண்டா, ஒரு சத்தம் உண்டா. எங்க வூட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிச் சொல்லிக் காட்டுவேன், அவங்களப் பாத்துக் கத்துக்கங்கன்னு." ரேணுகா டீயைக் குடித்தாள். சுட்டது, சுடுகிறது என்று தெரிந்தது, ஆனால் நாக்கு யாருடையதோ போல இருந்தது. பத்மா டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள், கொஞ்ச நேரத்தில் அவள் செல்லில் வீட்டுக்காரரோடு பேசுவது கேட்டது, யூனிஃபார்ம், பஸ், எந்த நேரம்.

ஒரு சத்தம் உண்டா. இல்லை, கடைசிப் பேச்சில்கூடச் சத்தம் இல்லை. அவள்தான் ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு கிளை இருக்கிறது, அங்கே மாற்றல் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள், ஒரு சின்ன வீடும் பார்த்தாகிவிட்டது, நானும் நிருவும் போகிறோம் என்றாள். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த நிருவின் பாவாடையை ஓரம் சேர்த்து, ஓரம் சேர்த்து, கடைசிவரை மடித்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். ஏன் என்று கேட்பார் என்று அவள் காத்திருந்தாள், பஸ்ஸில் நடந்ததைச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. "சரி. எக்ஸாம் முடியட்டும்" என்றார். கொஞ்சம் கழித்து, "பாப்பாகிட்ட நானே சொல்றேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் அவர்கள் முன்னைவிட இதமாகத்தான் இருந்தார்கள், ஊருக்குப் போகப்போகிற விருந்தாளியிடம் இருப்பது போல, தண்ணி வேணுமா, ஃபேன் போடட்டுமா. சில வாரங்கள் போயின. அந்தப் புதன்கிழமையும் வந்தது. இப்போது அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவர் நிருவிடம் சொன்னாரா, சொல்லவில்லையா. சொல்லியிருந்தால் இந்தப் பெண் இத்தனை நாளாக அதை வைத்துக்கொண்டுதான் எனக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லவில்லை என்றால் அந்தப் பேச்சு உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், நான் வாயைத் திறக்காவிட்டால் அது நடக்கவே இல்லை. பத்மா அண்ணி சொல்லும் அந்த ஜோடியாகவே நாங்கள் இருந்து முடித்துவிட்டோம் என்று ஆகிவிடும். சொன்னாரா, சொல்லவில்லையா. பாடி வந்து இறங்கிய அன்று நிரு தன்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை, அத்தையைத்தான் கட்டிக்கொண்டாள், அது சொன்னதாலா. ராத்திரியில் தூக்கத்தில் அவள் கை வந்து தன் மேல் விழுகிறது, அது சொல்லாததாலா. ஒரே பெண்ணுக்கு இரண்டு விடை வருகிறது. வகுத்து வகுத்துப் பார்த்தாள், தீரவில்லை, ஆறு ஆறு ஆறு என்று போய்க்கொண்டே இருந்தது. அன்றைக்கு எதிர்வீட்டு அம்மா தன்னை உலுக்கி, "அழுதுடு ரேணுகா, வாய் விட்டு அழுதுடு, உள்ள வெச்சுக்காத" என்று சொன்னதும், அதைக் கேட்டு அவள் ஒரு சத்தம் போட்டதும் ஞாபகம் வந்தது. அழுகை மாதிரியான சத்தம். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. நிரு மட்டும் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தாளை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இடது கால் மரத்துப்போய்விட்டது. அதைக் கையால் தூக்கி எடுத்து மாற்றி வைத்தாள், வேறொருவர் காலை நகர்த்துவது போல இருந்தது. கணக்கு தெரியாத ஒருத்தி இந்தப் படத்தில் என்ன செய்ய முடியும், எண்ணலாம். அவள் ஆள்காட்டி விரலை வைத்துக் கட்டங்களை எண்ணினாள். சின்ன முக்கோணத்தின் அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இரண்டு கட்டம். பெரியதின் அடியில் நான்கு. நிற்கிற பக்கம் சின்னதில் நான்கு, பெரியதில் எட்டு. மறுபடி எண்ணினாள். "இது ரெண்டு மடங்கு மாதிரிதானே இருக்கு நிரு?" என்றாள். "எப்படி?" "எனக்குத் தெரியல. எண்ணிப் பாத்தேன். இங்க ரெண்டு, இங்க நாலு. இங்க நாலு, இங்க எட்டு." நிரு தாளைப் பிடுங்கிக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அவளும் எண்ணினாள், பென்சில் நுனியால் ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டு. "ஆமா" என்றாள். "சே. நான் ஸீரோலருந்தே அளந்துட்டு இருந்திருக்கேன். முதல் மூணு கணக்குலயும் சென்டர் ஸீரோல இருந்துச்சு, அதனால வந்துச்சு. இதுல சென்டர் வேற எங்கயோ இருக்கு. பக்கத்த அளந்தா எங்க இருந்தாலும் வந்துடும்." அவள் மளமளவென்று எழுதினாள், இரண்டு என்று எழுதி அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டாள். அப்பா மாதிரி நீ சொல்லலை என்றோ, அப்பா என்றால் இப்படிச் சொல்லியிருப்பார் என்றோ அவள் சொல்லக்கூடும் என்று ரேணுகா எதிர்பார்த்தாள். நிரு ஸ்கேலைத் தேடினாள். "சென்டரயும் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கு. அது தெரியும். பெரிசுல இருக்கற புள்ளியையும் சின்னதுல இருக்கற புள்ளியையும் சேத்துக் கோடு போட்டு அப்படியே நீட்டிக்கிட்டுப் போகணும். மூணு கோடும் எங்க முட்டுதோ அதான்." ஸ்கேலை வைத்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, முதல் கோட்டைப் போட ஆரம்பித்தாள். உள்ளே பத்மா, "அதெல்லாம் ரேணு ஒண்ணும் சொல்லமாட்டா" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்பா சொன்னாரு" என்றாள் நிரு. ஸ்கேலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன சொன்னாரு?"

"கிருஷ்ணகிரி. நீயும் நானும் போறது."

சொன்னார். ரேணுகா அந்த வார்த்தையைக் கேட்டாள், தூரத்தில் வருகிற பஸ்ஸைப் பார்ப்பது போல. நம்பர்கூடத் தெளிவாகத் தெரிந்தது. "எப்ப சொன்னாரு?" என்று அவள் வாய் கேட்டது.

"அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழம. சைக்கிளுக்குக் காத்து அடிக்கப் போனோமே, அப்ப. கடையில கூட்டமா இருந்துச்சு, அங்க கல்லு மேல உக்காந்துட்டு இருந்தோம்." முதல் கோடு முடிந்தது. நிரு ஸ்கேலைத் திருப்பி அடுத்த முனையில் வைத்தாள். "அம்மாவும் நீயும் அங்க இருப்பீங்க, நான் இங்க இருப்பேன், லீவு நாள்ல வரேன், கணக்கெல்லாம் ஃபோன்ல பாத்துக்கலாம், உனக்குச் சரியான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நான் அப்பாகூடவே இருக்கேன்னு சொன்னேன்."

பென்சில் நிற்கவில்லை. கோடு நேராக இறங்கி வந்தது. எதிர்வீட்டு மாடியில் தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது, யாரோ மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். ரேணுகா தன் கைகளைப் பார்த்தாள், இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன. அப்பாகூடவே. அது எங்கேயாவது வலிக்கும் என்று அவள் காத்திருந்தாள். நெஞ்சில், வயிற்றில், எங்கேயாவது. ஊசி போட்டு மரக்கவைத்த ஈறில் பல்லைப் பிடுங்கும்போது இழுப்பது மட்டும் தெரியுமே, அது போல ஏதோ ஒன்று உள்ளே பிடித்து இழுக்கப்படுவது தெரிந்தது, வலி தெரியவில்லை. "அதுக்கு அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"சிரிச்சாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, இத நீ அம்மாகிட்ட சொல்லாத, நானே சொல்லிக்கிறேன்னாரு." நிரு நிமிர்ந்தாள். "சொன்னாரா?"

"இல்ல" என்றாள் ரேணுகா.

இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் நடுவில் இருந்த நாட்களை அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள், எடுக்க வந்தது எது என்று இப்போது தெரிந்துவிட்டதால். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் சமையலறையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து வாசற்படியில் நின்றார். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, அவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தது போல இருந்தது, கேட்கவில்லை. அவள் மிக்ஸியை நிறுத்திவிட்டுத் திரும்பி, "என்ன?" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பஸ்ஸில் பார்த்த மாதிரி இல்லை, அவளைத்தான் பார்த்தார், அந்தக் கண்ணில் ஒரு பாவம் பார்க்கிற பார்வை இருந்தது, இவளிடம் இதை எப்படிச் சொல்வது என்கிற தயக்கம். அன்றைக்கு அது அவளுக்குப் புரியவில்லை. "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் மிக்ஸியை மறுபடி போட்டாள். அவருக்கு என்மேல் இரக்கம் இருந்திருக்கிறது, என்று நினைத்தாள். பெண் என்னை வேண்டாம் என்று சொன்னதை என்னிடம் சொல்ல அவருக்கு மனது வரவில்லை. நான் பஸ்ஸில் நடந்ததைச் சொல்லாமல் வைத்திருந்தேன், அவர் இதைச் சொல்லாமல் வைத்திருந்தார். இரண்டு பேருமே சொல்லாமலேயே முடித்துவிட்டோம்.

"நீ கோவமா இருக்கியா?" என்று நிரு கேட்டாள்.

"இல்லடா."

"அப்ப எனக்குத் தெரியாதுல்ல இப்படி ஆகும்னு." குரல் கொஞ்சம் ஏறியது, உடனே உள்ளறைப் பக்கம் பார்த்துத் தணிந்தது. "அப்பா தனியா இருப்பாரேன்னுதான் சொன்னேன். உனக்கு எல்லாம் தெரியும், வேல இருக்கு, நீ இருந்துப்ப. அப்பாவுக்குச் சோறுகூட வைக்கத் தெரியாது. அதனாலதான் சொன்னேன். இப்ப அத்த வீட்டுக்குப் போன்னா நீயும் சரின்னுட்ட. நான் அங்க போகணுமா, இங்க இருக்கணுமான்னு யாரும் என்னக் கேக்கவே இல்ல. அப்பாவாச்சும் கேட்டாரு."

அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் அது அவளுக்கே தெரியாதது போல இருந்தது. ஒரு சொட்டு தாளில் விழுந்து ஒரு கட்டத்தை நனைத்தது. அவள் அதைச் சட்டை நுனியால் ஒற்றி எடுத்தாள், கோடு கலையாமல் பார்த்து. ரேணுகாவுக்குப் பழக்கத்தில் கை எழுந்தது, இமைக்குக் கீழே பஞ்சு வைத்துத் துடைக்கிற பழக்கம். எழுந்த கை பாதியில் நின்றது. தொட்டால் தட்டிவிடுவாளோ என்று இருந்தது.

"நான் கேக்கறேன் இப்ப" என்றாள்.

"என்ன கேக்கற?"

"எங்கூட இருக்கியா நிரு? இங்கயே இருக்கலாம், இல்ல கிருஷ்ணகிரி போகலாம். எங்கன்னாலும். அத்தகிட்ட நான் பேசிக்கறேன். எங்கூட இருக்கியான்னு கேக்கறேன்."

இவ்வளவு வார்த்தைகளைச் சேர்த்தாற்போல் அவள் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது. உள்ளே இருந்து பத்மா, "ரேணு, பாப்பாவோட பர்த் சர்டிஃபிகேட் எங்க வெச்சிருக்க? அவரு கேக்கறாரு" என்று கூப்பிட்டாள். ரேணுகா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நிரு மூக்கை உறிஞ்சினாள். அம்மாவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள், ஒரு விடையைச் சரி பார்க்கிறவள் போல அவசரம் இல்லாமல். பிறகு ஸ்கேலை எடுத்தாள்.

"இரு. இத முடிச்சிட்டு சொல்றேன்" என்றாள்.

இரண்டு கோடுகள் ஏற்கனவே ஒரு இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவதும் அங்கேயே வந்து சேர வேண்டும், சேராவிட்டால் எங்கேயோ தப்பு. நிரு பெரிய முக்கோணத்தின் உச்சியில் பென்சிலை ஊன்றினாள், ஸ்கேலை ஒரு நூல் நகர்த்தினாள், இன்னும் ஒரு நூல், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், பிறகு மெதுவாக இழுக்க ஆரம்பித்தாள். ரேணுகா அந்தப் பென்சிலைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு விடுவது தனக்கே கேட்டது. உள்ளங்கை வேர்த்திருந்தது, புடவையில் துடைத்தாள், மறுபடி வேர்த்தது. இல்லை என்று சொல்லிவிடுவாளோ. அவளுக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக, நன்றாகவே பயமாக இருந்தது.